பந்தா: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

பேச்சுத்தமிழில் ‘பந்தா’ என்றால் தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளும் நடத்தை. ‘காட்டிக்கொள்ளும்’ என்பதுதான் இதில் முக்கியம். மனசுக்குள்ளேயே ஒருவர் தன்னை உசத்தியாக நினைத்துக்கொண்டால் அது தலைக்கனம். பந்தாவுக்குப் பார்க்க ஆள் வேண்டும். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்கிறார்களே, அந்தக் குடைதான் பந்தா.

வினையாக்க ‘பண்ணு’, ‘காட்டு’, ‘விடு’ மூன்றும் சேரும்: “ஓசி பைக்ல வந்துட்டு என்னமா பந்தா பண்றான் பாரு!” வேற்றுமை உருபு ஏற்றால் பந்தாவை, பந்தாவுக்கு என்று வரும். “கடன் கழுத்தை நெரிக்குது, பந்தாவுக்கு மட்டும் குறைச்சல் இல்ல” என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் வசனம். ஆளைச் சொல்ல ‘பந்தா பேர்வழி’.

பலரும் சறுக்குவது பக்கத்துச் சொற்களில். பாடச் சொன்னால் “தொண்டை சரியில்லை” என்று நாலு தடவை கெஞ்ச வைப்பது பிகு. அங்கே “பந்தா பண்ணாதே” என்றால் குற்றச்சாட்டு கனத்துவிடும். செய்கை இல்லாமல் வாயாலேயே மலையைப் புரட்டினால் சவடால். புதுப் புடவையின் விலையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தால் பீத்தல். அதே புடவையைக் கட்டிக்கொண்டு, தெரிந்தவரையும் தெரியாதவர்போலக் கடந்துபோனால் பந்தா.

‘பந்தா இல்லாத மனுஷன்’ நல்ல பாராட்டு. ஆனால் பந்தா பண்ணத் தகுந்த பதவியோ பணமோ புகழோ இருப்பவருக்குத்தான் அது ஒட்டும். கலெக்டரைச் சொல்லலாம், நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனைச் சொன்னால் கிண்டலாகிவிடும்.

“கல்யாணத்தை பந்தாவா நடத்தினாங்க” என்பதில் பாதி வியப்பு, பாதி குத்தல். கல்யாண வீட்டார் காதில் விழும்படி சொல்வதானால் ‘அமர்க்களமா’ என்பதே பத்திரம். பெரியவர்களிடம் நேருக்கு நேர் இந்தச் சொல்லை எடுக்கவே வேண்டாம். கட்டுரையில் எழுதும்போது இடம் பார்த்து, செல்வத்தைக் காட்டிக்கொள்வதானால் ‘பகட்டு’ என்றும் மனப்போக்கானால் ‘செருக்கு’ என்றும் மாற்றிக்கொள்ளலாம்.

உச்சரிப்பிலும் ஒரு சங்கதி உண்டு. முதலெழுத்து ‘பஸ்’ஸில் வருவதுபோல அழுத்தி ஒலிக்கும். ‘பல்’லில் வருவதுபோல மெலிதாகச் சொன்னால், “கையில என்ன, பந்தா?” என்று விளையாட்டுப் பந்தைக் கேட்டதாகிவிடும்.