வேலைநிறுத்த நாளில் தம்பியின் மாத்திரை

2019 அக்டோபர் 25, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அன்று காலைதான் திருவையாற்றிலிருந்து பஸ் ஏறித் தம்பியை மாதாந்திர மனநல மருந்துக்கு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். ஓ.பி. சீட்டு கொடுக்கும் ஜன்னல் சாத்தியிருந்தது. பழைய சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அக்கா, இனி மருந்து வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டாரா?" என்று கேட்டான். மாத்திரையை நிறுத்த அவன் மனம் எப்போதும் ஒரு காரணம் தேடும். அந்தக் காரணம் மட்டும் கிடைத்துவிடக் கூடாது.

அதனால், உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தம்பி இருந்தால், வேலைநிறுத்த நாளில் முதலில் அவனிடம் பேசுங்கள். "டாக்டர் சில நாள் வரமாட்டார், உன் மருந்து அப்படியேதான்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவன் எதிரில் மருத்துவர்களைத் திட்டாதீர்கள். நாளை அதே டாக்டரை அவன் நம்பியாக வேண்டும். அவர்கள் கேட்டதும் ஊதிய உயர்வும், நோயாளிகளுக்கு ஏற்ற எண்ணிக்கையில் மருத்துவர்களும்தான்.

கையிருப்பு தீரும் நாளன்று போகாதீர்கள். ஐந்து நாள் முன்பே போங்கள். ஐப்பசி மழையில் பஸ் நின்றாலும் அது கைகொடுக்கும். ஈரம் படாமல் மாத்திரைகளை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

வேலைநிறுத்தத்திலும் அவசர சிகிச்சைப் பிரிவு இயங்கும். ஆனால் அங்கிருப்பவர் மனநல மருத்துவராக இருக்க மாட்டார். மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், கடைசி ஊசி போட்ட தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிச் சீட்டோடு நீட்டுங்கள். 'அந்த வெள்ளை மாத்திரை' என்றால் யாருக்கும் புரியாது.

குளோசபைன் என்ற மனநல மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை நீங்களாகக் கொடுக்கக் கூடாது. மருத்துவர் குறைந்த அளவிலிருந்துதான் மீண்டும் தொடங்குவார். லித்தியம் என்ற இன்னொரு மனநல மருந்து சாப்பிடுபவருக்கு உடல்வலி என்று ஐபுபுரூஃபன் வலி மாத்திரை வாங்கித் தராதீர்கள், இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும்.

தூக்கத்தைக் கவனியுங்கள். என் தம்பி இரண்டு இரவு கொல்லைப்புறத்தில் நடந்தால் நான் காத்திருப்பதில்லை. 2022 முதல் 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் இலவச மனநல உதவி எண், இரவும் பகலும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். சாவைப் பற்றிப் பேசினாலோ, கையை ஓங்கினாலோ 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்கே போங்கள். "ஸ்டிரைக், நாளை வாருங்கள்" என்று வாசலில் யாராவது சொன்னால் திரும்பாதீர்கள், உள்ளே இருக்கும் பணி மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும்.