'ஓவியரின் கையொப்பத்துடன்': பழைய அமெரிக்கக் கார்ட்டூன் வாங்குவோர் ஏமாறும் இடங்கள்

'பக்', 'ஜட்ஜ்' போன்ற பழைய அமெரிக்க நகைச்சுவை வார இதழ்களின் அரசியல் கார்ட்டூன் தாள்கள் ஏலத்துக்கு வரும்போது, 'ஓவியரின் கையொப்பத்துடன்' என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பதுதான் பெரிய தவறு. கல்லச்சுக்காக, அதாவது கல்லின்மேல் வரைந்து அச்சிடும் முறைக்காக, வரையும்போதே ஓவியர் பெயரையும் போட்டுவிடுவார். படத்தோடு அதுவும் அச்சாகும். அந்த வாரத்துப் பிரதிகள் எல்லாவற்றிலும் அதே கையொப்பம்தான். ஓரத்தில் பென்சிலால் தனியாகப் பெயர் இருந்தால் இன்னும் உஷாராக இருங்கள். 10 சென்ட் இதழில் பிரதிக்குப் பிரதி கையெழுத்துப் போடும் வழக்கம் கிடையாது.

பெயரைப் படித்து ஆளை மாற்றிக்கொள்வதும் உண்டு. 'பக்'கை நிறுவிய ஜோசப் கெப்ளர் 1894-ல் இறந்தார். அதன்பின் மகன் உடோ, அப்பாவின் பெயரையே வைத்துக்கொண்டார். ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய் நிறுவனத்தை ஆக்டோபஸாகக் காட்டும் புகழ்பெற்ற படம் 1904-ல் வந்தது. அது மகன் வரைந்தது. 'ஜட்ஜ்' இதழில் கில்லம் சகோதரர்களால் இதே குழப்பம். அண்ணன் பெர்ன்ஹார்ட் 1896-ல் இறக்கும்வரை தம்பி 'விக்டர்' என்றே கையொப்பமிட்டு வந்தார்; கில்லம் என்ற பெயரை அதன்பிறகுதான் சேர்த்தார்.

அசலா, மறுபதிப்பா என்பதைக் காகிதத்தின் பழுப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழுப்பைத் தேநீரில்கூட வரவழைக்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே பாருங்கள். கல்லச்சில் கிரேயான் சொரசொரப்பும் ஒழுங்கில்லாத புள்ளிகளும் தெரியும். நான்கு நிறப் புள்ளிகள் ரோஜாப்பூ வடிவில் சுற்றி நின்றால் அது நவீன ஆஃப்செட் அச்சு. சீரான புள்ளி வரிசையைப் பார்த்ததும் போலி என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். 1879-ல் காப்புரிமை பெற்ற பென் டே முறையில் அக்காலத்திலேயே அப்படிப் புள்ளி பதித்தார்கள்.

கார்ட்டூனிஸ்ட் தாமஸ் நாஸ்ட் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' வார இதழில் வரைந்தவை பெரும்பாலும் மரச்செதுக்கு அச்சு, எல்லாமே கறுப்பு வெள்ளை. வண்ணத்தோடு வந்தால் யாரோ பின்னாளில் பூசியது. அழகாகவே இருக்கலாம், ஆனால் 'அசல் வண்ணம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

படம் மாட்டும் சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். தேதியும் அச்சகத்தின் பெயரும் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். நடுப்பக்கப் படம் என்றால் மடிப்புத் தடம் இருக்கத்தான் செய்யும். அதைக் குறையாக நினைத்து செலோடேப் ஒட்டினால் பசை காகிதத்தில் ஊறி நிரந்தரக் கறையாகிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், பிரித்தெடுக்கவே முடியாது.