டிவியில் தெரியும் அந்தத் தலைவர் எப்படி மேலே வந்தார்?

புதிய நாட்டில் குடியேறி, வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் ஒருவழியாக முடிந்து, உள்ளூர்ச் செய்தி பார்க்க உட்காருவீர்கள். 'சபாநாயகர்' என்று ஒருவரைக் காட்டுவார்கள். தெரிந்த பதவிதானே என்று விட்டுவிடாதீர்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அவர்தான் பெரும்பான்மைக் கட்சியின் தளபதி. பிரிட்டனிலோ அந்த நாற்காலியில் உட்காருபவர் கட்சியை விட்டே விலகிவிடுவார்.

பிரிட்டனிலும் கனடாவிலும் புதிய சபாநாயகரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார வைப்பார்கள். பார்த்தால் சிரிப்பு வரும். சபை சொல்வதை அரசரிடம் போய்ச் சொல்வது ஒரு காலத்தில் அவர் வேலை. அரசருக்குக் கோபம் வந்தால் ஆபத்து. அந்தத் தயக்கத்தின் மிச்சம்தான் இந்த இழுபறி. கனடாவில் 1986-ல்தான் சபாநாயகரை ரகசிய வாக்கில் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். அதுவரை பிரதமர் கைகாட்டியவரே.

சபைக்கு வயதாக ஆக, பதவிக்கு ஏறும் ஏணியும் நீண்டுவிடும். அமெரிக்காவில் ஹென்றி கிளே 1811-ல் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்த முதல் நாளே சபாநாயகர் ஆனார் (முன்பு செனட்டில் கொஞ்ச காலம் இருந்தவர்தான், ஆனாலும்!). 1913-ல் வந்த சாம் ரேபர்ன் அதே நாற்காலிக்கு 1940 வரை காத்திருந்தார். நடுவில் குழுத் தலைவர், அப்புறம் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் என்று படிப்படியாகத்தான் ஏறினார்.

பிரதமர் பதவியில் அந்த ஏணியைத் தாண்டிக் குதிக்கவும் வழி உண்டு. பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியில் முன்பு மூத்தவர்கள் தங்களுக்குள் பேசித் தலைவரை முடிவு செய்வார்கள், 1965-ல்தான் எம்.பி.க்கள் வாக்களித்து எட்வர்ட் ஹீத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று கடைசி இருவரில் யார் என்பதைக் கட்சி உறுப்பினர்கள் முடிவு செய்கிறார்கள். கனடாவின் லிபரல் கட்சி 1919-லேயே மாநாடு கூட்டித் தலைவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. 2025 மார்ச்சில் அதே கட்சியின் தலைவராகிப் பிரதமரான மார்க் கார்னி அப்போது எம்.பி.கூட இல்லை, ஏப்ரல் தேர்தலில்தான் தொகுதி கிடைத்தது.

சரி, இதில் உங்களுக்கு என்ன? பொதுத்தேர்தல் வாக்கு கனடாவில் குடியுரிமை வந்த பிறகுதான். பிரிட்டனில் முறையாக வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு இப்போதே உண்டு. கட்சி உறுப்பினர் ஆவதற்கான விதி தனி. அது கட்சிக்குக் கட்சி மாறும், குடியுரிமை கேட்காத கட்சிகளும் உண்டு. உங்கள் விசா நிபந்தனையையும் கட்சியின் விதியையும் படித்துவிட்டுச் சந்தா கட்டுங்கள்.