எல்லை கடந்த நிரலாளர் பரிமாற்றம்: வேலூரிலிருந்து தொடங்குவோருக்கான வழிகாட்டி

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரக் கல்லூரிகளில் கணினி அறிவியல் படித்து முடிக்கும் மாணவர் பலருக்கு, வெளிநாடு என்றால் வேலை அல்லது மேற்படிப்பு என்ற இரண்டு வழிகள் மட்டுமே தெரிகின்றன. நம் நாட்டோடு அரசியல் உறவு சீராக இல்லாத நாடுகளின் நிரலாளர்களோடும் சேர்ந்து, சில மாதங்கள் ஒரே மென்பொருளில் உழைக்க இடம் தரும் பரிமாற்றத் திட்டங்களும் உள்ளன. அவற்றில் சேர விரும்புவோர் எங்கிருந்து தொடங்க வேண்டும், எங்கே தடைபட நேரும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த மண்ணில் சந்திப்பது என்பதை. பிணக்குள்ள இரு நாடுகளுள் ஒன்று மற்றொன்றின் குடிமக்களுக்கு விசா தரும் என்று நம்பித் திட்டமிடக் கூடாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தானியருக்கான விசா சேவையை இந்தியா நிறுத்தியதைப் போல, எந்த நேரத்திலும் வழி அடைபடலாம். ஆகவே மூன்றாம் நாட்டில் உள்ள நிறுவனங்களை நாடுங்கள். பாகிஸ்தானைச் சேர்ந்த இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் நிறுவிய பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தின் பயிலரங்குகளில், அறிவியல் கணக்கீட்டுக்கு நிரல் எழுதுவோருக்கும் இடம் உண்டு. ஆஸ்திரியாவின் லாக்சன்பர்க் ஊரில் உள்ள ஐஐஏஎஸ்ஏ ஆய்வு நிறுவனம், பனிப்போர் நடந்துகொண்டிருந்த 1972இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் வேறு சில நாடுகளோடு சேர்ந்து தொடங்கியது. அதன் கோடைத் திட்டம் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு உரியது. ஜெனீவா அருகே உள்ள சேர்ன் ஆய்வகத்தில் பாகிஸ்தான் 2015இலும் இந்தியா 2017இலும் இணை உறுப்பு நாடுகளாயின. அங்கு நடக்கும் கோடைகால மாணவர் திட்டங்களுக்குக் கணினி மாணவர்களும் விண்ணப்பிக்கலாம்.

பயணமே தேவைப்படாத திட்டங்கள்தாம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்ற முதல் படி என்பது என் கருத்து. நிரல் எவருக்கும் திறந்துள்ள மென்பொருள்களில் புதியவர்கள் வழிகாட்டிகளோடு இணையவழியே உழைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடைபெறுகிறது; 2022 முதல் மாணவர் அல்லாத, 18 வயது நிறைந்த புதியவர்களும் அதில் சேரலாம். பாகுபாட்டுக்கு ஆளானோருக்கும் தொழில்நுட்பத் துறையில் குறைவாக இடம் பெற்றோருக்கும் முன்னுரிமை தரும் அவுட்ரீச்சி என்ற இதே வகைத் திட்டம், மூன்று மாதப் பணிக்கு 7,000 அமெரிக்க டாலர் உதவித்தொகை அளிக்கிறது. இரண்டிலும் விண்ணப்பக் கடிதத்தை விட, அந்த மென்பொருளில் நீங்கள் ஏற்கெனவே செய்த சிறு பிழைத்திருத்தங்களே அதிகம் பேசும். எனவே விண்ணப்பக் காலம் தொடங்கும் வரை காத்திராமல், சில மாதங்களுக்கு முன்பே ஒரு மென்பொருளைத் தேர்ந்து பங்களிக்கத் தொடங்குங்கள்.

எந்த மென்பொருளைத் தேர்வது? இரு தரப்பாருக்கும் ஒருங்கே தேவைப்படும் வேலையைத் தேடுங்கள். ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்புக் கருவி தமிழின் ஒற்றைக்கொம்பையும் உருதுவின் இணையெழுத்துகளையும் சிங்கள, எபிரேய எழுத்துகளையும் ஒரே நிரல்தொகுப்பால் திரையில் ஒழுங்குபடுத்துகிறது. அதில் ஒருவர் திருத்துவது மற்றவருக்கும் பயன்படும். அங்கே தமிழறிவு ஓர் உண்மையான தகுதி. இதற்கு மாறாக, நிலப்படம் காட்டும் செயலிகளைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. நாட்டின் எல்லையைத் தவறாகக் காட்டும் படத்தை வெளியிடுவது இந்தியாவில் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். அதே எல்லைக்கோட்டை அண்டை நாட்டவர் வேறுவிதமாக வரைவார்.

பொருளாதாரத் தடைகளை எவரும் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது. அமெரிக்க நிறுவனங்கள் நடத்தும் திட்டங்களில் ஈரான், கியூபா, வட கொரியா போன்ற நாடுகளில் வசிப்போர் சேர முடியாத நிலை பெரும்பாலும் உண்டு. 2019இல் ஈரானில் இருந்தோரின் கணக்குகளைக் கட்டுப்படுத்திய, நிரல்களைச் சேமித்துப் பகிரும் அமெரிக்கத் தளமான கிட்ஹப், அமெரிக்க அரசின் உரிமம் பெற்ற பின் 2021இல்தான் அவற்றை முழுமையாகத் திறந்தது. 2024 அக்டோபரில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலைப் பராமரிப்போர் பட்டியலிலிருந்து ரஷ்யர் சிலரின் பெயர்கள் நீக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுக்கு இது எவ்வளவு வலித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகவே கூட்டாளியின் நாட்டுக்கு என்ன விதி என்பதை முன்கூட்டியே படித்து அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வேலையின் முழு நகலை இருவரும் தத்தம் கணினியில் வைத்திருங்கள். பணத்தை மறைமுக வழியில் அனுப்ப முயலவே வேண்டாம். அதன் தண்டனை அவர்மேலும் விழலாம்.

உரையாடலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாகிஸ்தான் நமக்கு அரை மணி பின்னும், சீனா இரண்டரை மணி முன்னும் இருப்பதால் நேரம் ஒரு பெரிய தடையன்று. அரசியல் பேச்சைத் தொடங்குவதா என்பதை, கண்காணிப்புக்கு அதிகம் ஆளாகக்கூடிய தரப்பாரின் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள்.

பயணம் உறுதியாகும் முன்பே கடவுச்சீட்டை எடுத்துவிடுங்கள். வேலூரிலேயே அஞ்சலகக் கடவுச்சீட்டு சேவை மையம் உள்ளது. நம்மவருக்கு இடர் தருவது தலைப்பெழுத்து. மதிப்பெண் பட்டியலில் ஓரெழுத்தாக இருப்பது கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயராக விரியும்போது, அழைப்புக் கடிதமும் வங்கிக் கணக்கும் வேறு வேறு ஆட்களுடையவை போலத் தோன்றும். கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லா விண்ணப்பங்களிலும் எழுதுங்கள். அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் போன்ற அரசு ஊழியர்கள், வெளிநாட்டு அமைப்பின் செலவில் செல்வதானால், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி பெற வேண்டும்.

வெளிநாட்டு நிரலாளரை வேலூருக்கு அழைப்பதானால், கருத்தரங்கு விசாவுக்கு வேண்டிய அரசு ஒப்புதலை அமைப்பாளரே முன்னதாகப் பெற வேண்டும். சில நாட்டவருக்கு உள்துறை அமைச்சகத்தின் தனி ஒப்புதலும் தேவைப்படும். விருந்தினர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள், தங்கவைப்பவர் அதை இணையவழியே பதிவு செய்ய வேண்டும். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகள் வங்கதேச நோயாளிகளுக்காக இதை அன்றாடம் செய்து பழகியவை என்பதால், விருந்தினரை வீட்டில் தங்கவைப்பதை விட அத்தகைய விடுதியில் தங்கவைப்பது இரு தரப்புக்கும் எளிது.