சிஎன்ஜி காரில் கேஸ் வாசனை: கசிவைப் பிடித்த கதை

முழு டாங்க் நிரப்பிய மறுநாள் காலைகளில் மட்டும் காருக்குள் லேசாகக் கேஸ் வாசனை. டாங்க் பாதியானால் வாசனை போய்விடும். அப்படியென்றால் அழுத்தம் அதிகமுள்ள பக்கத்தில்தான், அதாவது சிலிண்டருக்கும், கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில்தான் கசிவு என்று சந்தேகம் வந்தது. அங்கே சுமார் 200 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தம் இருக்கும், விளையாட்டில்லை.

ஸ்டார்ட் செய்யாமல் காரை வெளியே தள்ளினோம். சிஎன்ஜியில் பெரும்பகுதி மீத்தேன்தான்; அது காற்றைவிட லேசானது, மூடிய ஷெட்டில் கூரையடியில் தேங்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும்.

பயிற்சி பெற்ற கேஸ் மெக்கானிக் வந்து ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவினார். அம்மோனியா கலந்த கிளீனர் கூடாது, பித்தளையில் விரிசல் விழும் என்றார். ரெகுலேட்டருக்குள் நுழையும் ஜாயின்ட்டில் குமிழி கிளம்பியது.

"ஸ்பேனரால் ஒரு சுற்று முறுக்கினால் போதாதா?" என்று கேட்டேன். அழுத்தம் இருக்கும்போது கை வைக்கவே கூடாதாம். சிலிண்டர் வால்வை மூடி, பானெட்டைத் திறந்துவைத்து, குழாயில் மிச்சமிருந்த கேஸ் வெளியேறும்வரை காத்திருந்தோம். பேட்டரியையும் கழற்றினார். அப்புறம்தான் மெல்லத் தளர்த்தினார். உள்ளே, குழாய் முனையைக் கவ்விப் பிடிக்கும் ஃபெரூல் வளையத்தில் கீறல். குழாய் கிளாம்ப் தளர்ந்து அதிர்ந்ததுதான் காரணம்.

குழாய், ஃபெரூல், கிளாம்ப் மூன்றும் புதிது. வால்வை மெதுவாகத் திறந்து மறுபடி சோப்புச் சோதனை. டாங்க் நிரப்பியபின் இன்னொரு தடவை. குமிழி இல்லை. சிலிண்டர் தகட்டிலுள்ள அடுத்த பரிசோதனைத் தேதியையும் குறித்துக்கொண்டேன்.