பழைய சி.ஜே. 3பி ஜீப் வாங்கியாயிற்று: அசல் எவ்வளவு, நிலை எப்படி என்று அறியும் முறை

பழைய ஜீப் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியதும் பலர் முதல் வேலையாகப் பெயின்டருக்குப் போன் செய்கிறார்கள். அதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். பழைய பெயின்டின் அடுக்குகள், ரிவெட் தலைகள், அச்சடித்த எண்கள், கம்பெனித் தகடுகள் என்று வண்டியின் பூர்வீகத்தைச் சொல்லும் தடயங்கள் அத்தனையும், டிங்கரிங் பட்டறையில் கிரைண்டர் பட்ட ஒரே நாளில் அழிந்துவிடக்கூடியவை. அழிந்த பிறகு எவ்வளவு செலவழித்தாலும் திரும்பக் கிடைக்காதவை. ஆகவே எதையும் மாற்றாமல், எதையும் கழுவிப் பளபளப்பாக்காமல், வந்தது வந்தபடியே வண்டியை முழுமையாகச் சோதித்து எழுதி வைப்பதுதான் முதல் வேலை. நம் ஊரில் அதிகம் கைமாறும் மகிந்திரா சி.ஜே. 3பி பெட்ரோல் ஜீப்பை எடுத்துக்காட்டாக வைத்து, புதியவர்களுக்காக அந்த முறையை இங்கே விளக்குகிறேன்.

நல்ல டார்ச், கம்பி பிரஷ், அளவு டேப், ஃபிரிட்ஜில் ஒட்டும் சிறு காந்தம், பென்சில், மெல்லிய வெள்ளைத்தாள், கம்ப்ரெஷன் கேஜ், ஜாக்கி, உறுதியான ஸ்டாண்டுகள், ஒரு நோட்டு ஆகியவை போதும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே தலையை உள்ளே நீட்ட வேண்டும்.

படி 1: இது எந்த வண்டி என்று உறுதி செய்யுங்கள்

"இரண்டாம் உலகப்போர் வில்லீஸ்" என்று சொல்லி விற்கப்படும் வண்டிகளில் பல, போருக்குப் பின் வந்த சி.ஜே. ரகத்தைச் சேர்ந்தவை. போர்க்கால வில்லீஸ் எம்.பி. 1941 முதல் 1945 வரை தயாரானது. அதன் முன் கிரில்லில் ஒன்பது செங்குத்துத் துளைகள் இருக்கும், பின்புறம் திறக்கும் கதவு இருக்காது, கண்ணாடி இரண்டு பாகமாக இருக்கும். பொதுமக்களுக்காக வந்த சி.ஜே. வண்டிகளின் கிரில்லில் ஏழு துளைகளே உண்டு. சி.ஜே. 3பி 1953-இல்தான் அறிமுகமானது. 'ஹரிக்கேன்' என்ற புதிய என்ஜின் பழையதைவிட உயரமாக இருந்ததால் கிரில்லையும் பானட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. பக்கவாட்டில் நின்று பார்த்தால் மட்கார்டுக்கு மேலே பானட் துருத்திக்கொண்டு நிற்பதை எவரும் கண்டுகொள்ளலாம். அமெரிக்காவில் இதன் உற்பத்தி 1968-இல் நின்றுவிட்டது. 1947-இல் வில்லீஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டித் தரத் தொடங்கிய மகிந்திரா, அதற்குப் பிறகும் நெடுங்காலம் இந்த வண்டியைத் தயாரித்துவந்தது. எனவே அமெரிக்க வண்டியின் படத்தை வைத்துக்கொண்டு உங்கள் வண்டியில் இது இல்லை, அது தவறு என்று முடிவு கட்டாதீர்கள். அதே காலத்து இந்திய வண்டியோடு ஒப்பிடுவதே முறை.

பானட்டைத் தாழ்த்தி, ஒன்பது துளைக் கிரில் பொருத்திப் போர்க்கால வண்டிபோல் ஆக்கப்பட்டவையும் சந்தையில் உண்டு. அப்படிச் சந்தேகம் வந்தால் என்ஜினைப் பாருங்கள். போர்க்கால என்ஜினின் ஹெட் தட்டையாக, மேலே ஸ்பார்க் பிளக்குகளோடு இருக்கும். ஹரிக்கேனின் ஹெட்டில் வால்வு மூடியும் அதன் பக்கத்தில் கார்புரேட்டரும் அமர்ந்திருக்கும்.

படி 2: எண்களை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்

இந்தப் படியில் அவசரம் கூடவே கூடாது. ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் ஓட்டுநர் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டில்) உள்ள கம்பெனித் தகடு, சேஸிஸ் கட்டையில் அச்சடித்த எண், என்ஜின் பிளாக்கில் அச்சடித்த எண், ஆர்.சி. புத்தகம் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஹரிக்கேன் என்ஜினில், பிளாக்கின் முன்புறம் வாட்டர் பம்ப் பொருந்தும் இடத்தை ஒட்டிய திண்டில் எண்ணைத் தேடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து எடுங்கள். பெயின்ட் மூடியிருந்தால் ரிமூவரைத் தடவி எடுங்கள். உப்புத்தாளும் கிரைண்டரும் அங்கே கிட்டே வரக் கூடாது.

பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எடுப்பதுபோலவே பென்சில் அச்சு எடுங்கள். தாளை எண்ணின் மேல் இறுக்கிப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாதவை எல்லாம் தாளில் எழுந்து வரும். கம்பெனியில் அடித்த எண்கள் ஒரே எழுத்து வடிவத்தில், பெரும்பாலும் சீரான ஆழத்தில் இருக்கும். ராவி எடுத்துவிட்டு மீண்டும் அடித்த இடத்தில் இரும்பு லேசாகக் குழிந்திருக்கும், எண்களைச் சுற்றி ஒரே திசையில் ஓடும் கீறல்கள் தாளில் சாம்பல் கோடுகளாக விழும், ஓர் எண் மட்டும் கோணலாகவோ ஆழமாகவோ நிற்கும். தகடு புதிதாக மின்னினாலும், ரிவெட்டுக்குப் பதில் திருகாணி இருந்தாலும் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் எண் விஷயத்தில் ஐயம் எழுந்தால் அந்த வண்டியில் ஒரு ரூபாய்கூட மேற்கொண்டு போடாமல், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவேட்டைச் சரிபார்க்கக் கேளுங்கள்.

1989-க்கு முன் பதிவான, மூன்று எழுத்துகளில் தொடங்கும் பழைய பதிவெண் உள்ள வண்டிகளின் விவரம் கணினியில் ஏறாமலே இருப்பதுண்டு. அரசின் 'வாகன்' இணையதளத்தில் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் பதிவேற்றச் சொல்லி விண்ணப்பியுங்கள். தனியார் வண்டியின் பதிவு முதல் 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்பட வேண்டியது. கடைசியாக எப்போது எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டப்பட்டது என்று பாருங்கள்.

ஆர்.சி.யில் எரிபொருள் என்ன என்று போட்டிருக்கிறது என்பதையும் இப்போதே பாருங்கள். ஆர்.சி. பெட்ரோல் என்று சொல்ல, பானட்டுக்கு அடியில் டீசல் என்ஜின் உட்கார்ந்திருந்தால் பெயர் மாற்றத்திலும் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிகளும் இங்கே நினைவில் இருக்க வேண்டும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத வண்டி, சேஸிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் இல்லாமல் அசலாகப் பராமரிக்கப்பட்டிருந்தால்தான் அந்தப் பிரிவில் சேரும். அதற்கான புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி பத்து ஆண்டுகள். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது என்பதால், இந்தப் பிரிவு உங்களுக்குத் தேவையா என்பதை யோசித்து முடிவெடுங்கள்.

படி 3: சேஸிஸ்

என் அனுபவத்தில், பாடி எவ்வளவு மோசமாக இருந்தாலும் சேஸிஸ் நேராக இருக்கும் வண்டியைத் தைரியமாகக் கையில் எடுக்கலாம். பாடி பளபளத்து, சேஸிஸ் கோணியிருக்கும் வண்டி கடைசி வரை படுத்தும்.

முதலில் முன் சக்கரத்தின் மையத்திலிருந்து பின் சக்கரத்தின் மையம் வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். சி.ஜே. 3பிக்கு இது 80 அங்குலம், அதாவது 2,032 மி.மீ. ஆள் ஏற்றுவதற்காக நடுவில் வெட்டி நீட்டப்பட்ட ஜீப்புகள் நிறைய உண்டு. அவற்றில் அளவு கூடியிருக்கும், சேஸிஸின் நீளக் கட்டையான லாங் மெம்பரின் நடுப்பகுதியில் வெல்டிங் ஒட்டும் தெரியும். பிறகு, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் இடது ஸ்பிரிங் போல்ட்டிலிருந்து பின் வலது ஸ்பிரிங் போல்ட் வரையும், முன் வலதிலிருந்து பின் இடது வரையும் குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போக வேண்டும். தெளிவான வித்தியாசம் இருந்தால் எங்கோ மோதி வளைந்த வண்டி என்று பொருள்.

அடுத்து, கம்பி பிரஷால் மண்ணைத் தட்டிவிட்டு, ஸ்டியரிங் பாக்ஸ் பொருந்தும் இடம், முன் ஸ்பிரிங் தாங்கிகள், பின் கிராஸ் மெம்பர் (குறுக்குக் கட்டை) ஆகிய மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் ரிவெட் துளையிலிருந்தோ பழைய வெல்டிங்கின் ஓரத்திலிருந்தோ மயிரிழையாகத் தொடங்கும். அந்தக் கோட்டில் துரு கசிந்திருப்பதே அடையாளம். ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் வெல்டிங் இருந்தால் அந்தக் கிராஸ் மெம்பரைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஒரு சிறு சுத்தியால் நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள்: நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்துப்போன இடம் மொத்தென்று கேட்கும்.

படி 4: பாடி

மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை மட்கார்டு, பக்கத் தகடு, பின்மூலை என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பாருங்கள். பிடிப்பு தளரும் இடத்தில், பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி தடிமனாக இருக்கிறது. காலடித் தளத்தின் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இருக்கைக்கு அடியில் பெட்ரோல் டேங்க் அமரும் குழியையும், பாடியைச் சேஸிஸோடு பூட்டும் இடங்களையும் கீழிருந்து பாருங்கள். மழைநீர் தங்குவது அங்கேதான்.

ஹரியானாவின் டப்வாலி போன்ற ஊர்களில் முழு ஜீப் பாடியையே புதிதாகச் செய்து தருகிறார்கள். வேலை மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாடி மாட்டிய வண்டியை அசல் பாடி என்று நம்பி விலை கொடுக்கக் கூடாது. கம்பெனிப் பாடியில் மடிப்புகளும் வரிகளும் அச்சில் அழுத்தி வந்தவை, இரு பக்கமும் ஒரே அளவில் இருக்கும். தகடுகள் சேரும் இடத்தில் வட்டப் பொட்டுகளாக ஸ்பாட் வெல்டிங் வரிசை தெரியும். கையால் செய்த பாடியில் மடிப்பின் விளிம்பு கூர்மையாக இருக்கும், தொடர் வெல்டிங் தெரியும். டேஷ்போர்டின் பின்பக்கமும் இருக்கைக்கு அடியிலும் பிளேடால் நகக்கண் அளவு சுரண்டிப் பார்த்தால், பிற்காலப் பெயின்டுகளுக்கு அடியில் முதல் நிறம் தென்படும். அதைப் படம் எடுத்து வையுங்கள்.

படி 5: என்ஜின்

அசல் என்ஜின் 134 கன அங்குலம், அதாவது சுமார் 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல். இன்டேக் வால்வுகள் ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வுகள் பக்கவாட்டில் பிளாக்கிலும் இருப்பது இதன் தனித்தன்மை. பெட்ரோல் விலைக்கு அஞ்சி இதைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜின் ஏற்றிய வண்டிகளே அதிகம். மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றப்பட்ட வண்டியா என்பதையும் பாருங்கள்: சேஸிஸில் பயனற்று நிற்கும் மவுண்டிங் பிராக்கெட்டுகள், ஃபயர்வாலில் தட்டி உள்வாங்கிய பள்ளம், அடைக்கப்பட்ட துளைகள் ஆகியவை அந்தக் கதையைச் சொல்லிவிடும்.

நெடுநாள் நின்ற வண்டியைச் செல்ஃப் அடித்து எழுப்பாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஆயில் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் ஹேண்டிலால் கையால் சுற்றுங்கள். டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்நிலையில் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

என்ஜின் ஓடிச் சூடேறிய பின் நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்திக்கொண்டு கம்ப்ரெஷன் பாருங்கள். நான்கு அளவுகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதே முக்கியம். ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும்: அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. இந்த என்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வின் டேப்பெட் மூடி மேனிபோல்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், பல மெக்கானிக்குகள் ஹெட்டில் உள்ள வால்வுகளை மட்டும் சரிபார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்; இரண்டையும் பார்த்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருமானால், அதாவது பேக் கம்ப்ரெஷன் அடித்தால், சிலிண்டரைக் கடையும் போரிங் செலவு காத்திருக்கிறது.

படி 6: கியர், டிரான்ஸ்பர், ஸ்டியரிங்

அசல் கியர் பாக்ஸ் மூன்று கியர் கொண்டது. கியர் உரசாமல் சேர உதவும் சிங்க்ரோ முதல் கியருக்குக் கிடையாது, ஆகவே ஓடும்போது முதல் கியர் கரகரப்பது குறையன்று. இரண்டாவது கியரில் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் கியர் தானே வெளியே துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளினால் பாக்ஸைத் திறந்தே ஆக வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தைத் தார்ச்சாலையில் சோதிக்காமல் மண்தரையில் சோதியுங்கள்.

இந்த ஜீப்பின் ஹேண்ட்பிரேக் சக்கரங்களில் இல்லை. முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம், ஜாயின்ட் ஷாஃப்ட் தொடங்கும் இடத்து டிரம்மில் இருக்கிறது. அங்குள்ள ஆயில் சீல் போனால் ஆயில் நேரே டிரம்முக்குள் இறங்கும். ஆகவே ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்றதும் லைனிங் வாங்க ஓடாமல், முதலில் சீலைப் பாருங்கள்.

ஸ்டியரிங் ஆட்டத்தைக் கண்டுபிடிக்க இருவர் வேண்டும். சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாக இருபுறமும் அசைக்க, மற்றவர் பாக்ஸிலிருந்து தொடங்கி, முன் கிராஸ் மெம்பரில் உள்ள, ஸ்டியரிங் அசைவைத் திருப்பிவிடும் பெல் கிராங்க், டை ராட் எண்டுகள் என்று வரிசையாகக் கைவைத்துப் பார்க்க வேண்டும். பெல் கிராங்கின் புஷ் தேய்ந்திருப்பது இந்த வண்டிகளில் சாதாரணம். பிறகு முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சான கிங் பின்.

படி 7: பிரேக்கும் வயரிங்கும்

நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போய்விடும். ஆகவே சோதனை முடிவு எதுவானாலும், ரோட்டில் எடுப்பதற்கு முன் ரப்பர் ஹோஸ்களையும் வீல் சிலிண்டர் கிட்டுகளையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். இந்த ஒன்றில் அசலைப் பார்க்கவே கூடாது. டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் காட்டும். டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டர் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், பயன்பாட்டுக்கு அது நல்லதே.

படி 8: பட்டியல் எழுதுங்கள்

கண்டவை அனைத்தையும் படங்களோடு மூன்று பட்டியலாகப் பிரியுங்கள்: பாதுகாப்புக்காக உடனே செய்ய வேண்டியவை, அசல் என்று உறுதியானதால் பழுது பார்த்துக் காப்பாற்ற வேண்டியவை, பிற்காலத்தில் மாற்றப்பட்டவை. இந்தப் பட்டியலின் ஒரு நகலை மெக்கானிக்கிடமும் இன்னொன்றை டிங்கரிடமும் கொடுத்து, இரண்டாவது பட்டியலில் உள்ள எதையும் உங்களைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்று வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். கழற்றிய பழைய கார்புரேட்டர், டைனமோ, மீட்டர், தகடு, போல்ட் எல்லாவற்றையும் சீட்டு எழுதி ஒட்டிப் பையில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பட்டறையில் விட்டுவந்தால் அவை பழைய இரும்போடு போய்விடும்.