குழந்தையின் கண்ணில் ஓயாமல் நீர் வழிந்தால்

பிறந்த சில வாரங்களில் குழந்தை அழாதபோதும் ஒரு கண்ணில் நீர் தளும்பி நிற்பதும், தூங்கி எழும்போது இமைகள் பீளையால் ஒட்டிக்கொண்டிருப்பதும், அப்படியிருந்தும் வெள்ளைவிழி சிவக்காமல் இருப்பதும் பெரும்பாலும் கண்ணீர்க் குழாய் அடைப்பின் அறிகுறிகள். கண்ணீரை மூக்குக்குள் இறக்கிவிடும் அக்குழாயின் கீழ் முனையில் உள்ள மெல்லிய சவ்வு, பிறக்கும்போது திறக்காமல் நின்றுவிடுவதே வழக்கமான காரணம். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் இது தானாகவே சரியாகிவிடும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியது நீவிவிடுதல். 1923-இல் கிரிக்லர் என்ற மருத்துவர் விவரித்த இந்த முறையை, முதல் தடவை மருத்துவரிடமே செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சோப்பிட்டுக் கழுவியபின், கண்ணின் உள் ஓரத்துக்கும் மூக்கெலும்புக்கும் இடையில் விரல்நுனியை வைத்து அழுத்தி, அழுத்தம் குறையாமல் மூக்கை ஒட்டிக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து முறை, பால் கொடுக்கும் நேரங்களை ஒட்டி நாளுக்கு மூன்று நான்கு தடவை செய்தால் போதும். அழுத்தும்போது உள் ஓரத்தில் சளி போன்ற ஒரு துளி பிதுங்கி வந்தால், விரல் சரியாகக் கண்ணீர்ப்பையின் மேல்தான் இருக்கிறது என்று பொருள். பலரும் மூக்கின் பக்கவாட்டை மேலோட்டமாகத் தடவிவிட்டுப் பலனில்லை என்று கைவிட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

பீளையைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் உள்ளிருந்து வெளியே ஒரே வீச்சில் துடைத்து, ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சு எடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், கண் மை எதையும் கண்ணில் இடவே வேண்டாம். சொட்டு மருந்து தொற்றைத்தான் அடக்கும், அடைப்பைத் திறக்காது. ஆகவே மருத்துவர் சொன்னால் மட்டும் விடுங்கள்.

ஒரு வயதை ஒட்டியும் நீர் வழிந்தால், மயக்கம் கொடுத்து மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் செலுத்திச் சவ்வைத் திறப்பார்கள். சில நிமிடங்களில் முடியும் இச்சிகிச்சை பெரும்பாலோருக்கு ஒரே தடவையில் பலன் தரும்.

ஆனால் உள் ஓரத்தில் நீல நிறப் புடைப்பு, அவ்விடம் சிவந்து வீங்கிக் காய்ச்சல், பிறந்த முதல் மாதத்தில் இமை வீக்கத்தோடு சீழ், வெளிச்சத்தைக் கண்டு கண் கூசுதல், கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் நீவுவதை நிறுத்திவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.